கடைசி வரிசையே உரைகல்: யுனெஸ்கோவின் கல்வித் தொழில்நுட்ப அறிக்கை குறித்து ஒரு திறனாய்வு

மாடு வாங்கச் சந்தைக்குப் போகும் உழவர் அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், கறவை மாடாயின் கறந்தும் பார்ப்பார். தரகர் பாடும் புகழுரையை மட்டும் நம்பிக் கயிற்றைக் கையில் வாங்குபவர் அரியர். பிள்ளைகளின் கல்விக்கென்று பல இலட்சம் ரூபாய் செலவிட்டுக் கருவிகளை வாங்கும் பள்ளிகளிடமோ இந்த நிதானத்தைக் காண்பது அரிதாகிவிட்டது. ஸ்மார்ட் போர்டு, டேப்லெட், வீட்டுப்பாடச் செயலி, அண்மைக் காலமாகச் செயற்கை நுண்ணறிவால் இயங்கும் பயிற்சி மென்பொருள் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சரக்குகள் பள்ளி வாயிலுக்கு வந்தவண்ணம் உள்ளன. அடுத்த ஊர்ப் பள்ளி வாங்கிவிட்டதே என்ற கவலையும், சேர்க்கைக் காலத்தில் பதாகையில் அச்சிட ஏதேனும் வேண்டுமே என்ற எண்ணமும் சேர்ந்து நமக்காக முடிவெடுத்துவிடுகின்றன. அந்தச் செலவு இறுதியில் வந்து சேருமிடம் பெற்றோரின் கட்டண இரசீது.

இத்தகைய சூழலில், வாங்குவதற்கு முன் எவற்றைக் கேட்க வேண்டும் என்று சொல்லித்தரும் நூல் ஒன்று கிடைக்குமாயின் அது போற்றற்குரியது. யுனெஸ்கோ நிறுவனம் 2023 ஜூலை 26 அன்று உருகுவே நாட்டின் தலைநகராகிய மொண்டேவீடியோவில் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை தன்னை அத்தகைய நூலாகவே முன்வைக்கிறது. கல்வியில் தொழில்நுட்பம் என்பது அதன் பொருள். யாருடைய நிபந்தனைகளின்படி இயங்கும் கருவி இது என்பது அதன் தலைப்பிலேயே நிற்கும் வினா. பங்குப் பள்ளிகளின் நிர்வாகக் குழுக்களிலும் பெற்றோர் ஆசிரியர் கழகங்களிலும் அமரும் பொதுநிலையினர்க்கு இந்நூல் எந்த அளவுக்குக் கைகொடுக்கும், எந்த இடத்தில் கைவிடும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தலைப்பே திறவுகோல்

ஒரு நூலின் உள்ளே புகுமுன் அதன் தலைப்பின்முன் சற்று நிற்பது நல்லது. கருவி என்ற சொல்லே அது தனக்கென ஓர் இலக்கு இல்லாதது என்பதை உணர்த்துகிறது. இலக்கை வகுப்பவர் வேறு. அதற்கு வழியாய் அமைவது கருவி. ஆனால் நடைமுறையில் நிகழ்வது யாது? கருவி முதலில் வாங்கப்படுகிறது. பின்னர் அதற்கேற்ற இலக்கு தேடப்படுகிறது. பாடவேளைகள் அதற்காக மாற்றப்படுகின்றன. ஆசிரியர் அதற்காகப் பயிற்சிக்கு அனுப்பப்படுகிறார். வீட்டுப்பாடம் அதன் வடிவத்திற்குள் அடங்குமாறு குறுக்கப்படுகிறது. வழியாக வந்தது இலக்காக அமர்ந்துவிடுகிறது. இந்த இடமாற்றத்தைத் தலைப்பிலேயே சுட்டிக்காட்டிய நேர்மை இவ்வறிக்கையின் முதற்சிறப்பு.

அறிக்கை நான்கு வினாக்களை எழுப்புகிறது. இக்கருவி இந்த இடத்திற்கும் இந்தப் பாடத்திற்கும் பொருத்தமானதா? எல்லாப் பிள்ளைகளையும் சமமாகச் சென்றடையுமா? சில பள்ளிகளில் வெற்றி கண்டது பல பள்ளிகளுக்கும் விரிவடையக் கூடியதா? இன்று வாங்கியது நாளையும் நிலைக்குமா? பொருத்தம், சமத்துவம், விரிவு, நிலைப்பு என்று இவற்றைச் சுருக்கிக் கொள்ளலாம். எந்தப் பள்ளிக் குழுவும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளத் தகுந்த நான்கு சொற்கள் இவை.

மெய்ப்பிக்க வேண்டியவர் யார்?

அறிக்கையின் மிக வலுவான பகுதி, விற்பவர் கூறும் சான்றுகளைப் பற்றியது. கல்வித் தொழில்நுட்பத்தின் பயன் குறித்துச் சார்பற்ற நல்ல சான்றுகள் மிகக் குறைவு என்பதை அது மறைக்காமல் சொல்கிறது. ஐக்கிய இராச்சியத்தின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களில் 7 விழுக்காடு மட்டுமே, மாணவரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் முறையான ஆய்வை நடத்தியிருந்தன. வெளியார் ஒருவரின் தரச்சான்றைப் பெற்றவை 12 விழுக்காடு. வாங்குபவர் தரப்பும் இதற்குக் குறைந்ததன்று. அமெரிக்காவின் 17 மாநிலங்களில் ஆசிரியர்களையும் நிர்வாகிகளையும் வினவியபோது, வாங்குமுன் துறைவல்லோர் சரிபார்த்த ஆய்வுச் சான்றைக் கேட்டவர் 11 விழுக்காட்டினரே என்று தெரியவந்தது. கேட்பவர் இல்லாதபோது சான்று தேடி அலைய விற்பவருக்கு என்ன தேவை?

இன்னும் ஒரு படி மேலே சென்று, சான்றுகளில் பெரும்பகுதி விற்பவரிடமிருந்தே வருகிறது என்றும் அறிக்கை கூறுகிறது. தன் பொருள்களால் பயன் விளையவில்லை என்று காட்டிய சார்பற்ற ஆய்வை மறுக்கப் பியர்சன் நிறுவனம் தானே நிதியளித்து ஆய்வுகள் நடத்தியதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வழக்கில் வாதியே நீதிபதியின் இருக்கையில் அமர்ந்தாற்போன்ற நிலை இது. பன்னாட்டு அமைப்பொன்றின் அறிக்கையில் இவ்வளவு வெளிப்படையைக் காண்பது மகிழ்ச்சி அளிக்கிறது.

ஆயினும் அறிக்கை இயந்திரங்களுக்கு எதிரியன்று. சீனாவில் சிறந்த ஆசிரியர்களின் பாடங்களைப் பதிவு செய்து கிராமப்புற மாணவர் 10 கோடி பேருக்கு வழங்கியபோது அவர்களின் கற்றல் அடைவு 32 விழுக்காடு உயர்ந்தது என்பதையும், பிற்கால வருமானத்தில் நகர்க்கும் கிராமத்திற்கும் இருந்த இடைவெளி 38 விழுக்காடு குறைந்தது என்பதையும் அது எடுத்துரைக்கிறது. கவனிக்க வேண்டியது யாதெனில், அங்கே பயன்பட்டது புத்தம்புதுக் கருவியன்று; பதிவு செய்த பாடமே. நல்ல ஆசிரியர் இல்லாத ஊருக்கு நல்ல ஆசிரியரின் குரலைக் கொண்டு சேர்த்ததே அதன் ஆற்றல். கருவியின் புதுமைக்கும் அதன் பயனுக்கும் இடையே நாம் எண்ணுமளவு உறவில்லை.

பெருவின் பாடம்

பெருமளவில் தோல்வியுற்ற முயற்சிக்குச் சான்றாக அறிக்கை காட்டுவது தென்னமெரிக்க நாடாகிய பெரு. 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் அங்கே வழங்கப்பட்டன. அவை கற்பித்தலோடு இணைக்கப்படாமையால் கற்றல் உயரவில்லை என்று ஓரிரு வரிகளில் சொல்லிவிட்டு அறிக்கை அப்பால் செல்கிறது. இது அதன் முதற்குறை. நின்று விளக்க வேண்டிய இடத்தில் அது விரைந்துவிட்டது.

நடந்தது இதுதான். ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்னும் முழக்கத்தோடு, சிற்றூர்ப் பள்ளிகளுக்கெனவே வடிவமைத்த உறுதியான சிறு கணினிகளைப் பெரு அரசு 2008 முதல் வழங்கத் தொடங்கியது. 300-க்கும் மேற்பட்ட கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றுக்கு முதலிலும் சிலவற்றுக்குப் பின்னரும் கணினி வழங்கி, ஏறத்தாழ 15 மாதங்களுக்குப் பின் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தனர். கணினி பெற்ற பள்ளிகளில் மாணவர் ஒருவருக்கு 0.12 ஆக இருந்த கணினி விகிதம் 1.18 ஆக உயர்ந்திருந்தது. அதாவது, வழங்கும் பணி செம்மையாகவே நடந்தது. பிள்ளைகளும் கணினியை விரும்பிப் பயன்படுத்தினர். பொதுவான சிந்தனைத் திறன்களில் சிறு முன்னேற்றமும் தென்பட்டது. ஆனால் கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை.

இதில் யாரும் ஏமாற்றவில்லை, கணினிகளும் பழுதானவையல்ல. ஆனால் எந்த இடர்ப்பாட்டைத் தீர்க்க இவை வந்தன என்ற வினா மட்டும் எழுப்பப்படவில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையின் கையில் கணினி வந்தபோது, அவன் எழுத்துக் கூட்டத் தெரியாத ஒரு கணினி உரிமையாளன் ஆனான், அவ்வளவே.

அறிக்கை வெளியிடப்பட்ட உருகுவேயிலேயே இதற்கு மாறான ஒரு சான்று உண்டு. 2007-இல் தொடங்கிய செய்பால் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளி மாணவர் அனைவருக்கும் மடிக்கணினி வழங்கியது. தொடக்கக் கால ஆய்வு அங்கும் கணக்கிலும் வாசிப்பிலும் உயர்வு எதையும் காட்டவில்லை. ஆனால் அவர்கள் அங்கேயே நின்றுவிடவில்லை. ஆங்கிலம் கற்பிக்கப் போதிய ஆசிரியர் இல்லை என்னும் திட்டவட்டமான ஒரு குறையை எடுத்துக்கொண்டு, 2012 முதல் தொலைவிலிருக்கும் ஆங்கில ஆசிரியரைக் காணொளி வழியாக வகுப்பறைக்குள் கொண்டுவந்தனர். வகுப்பாசிரியர் உடனிருந்து, எஞ்சிய பாடவேளைகளில் அப்பாடத்தைத் தொடர்ந்து பயிற்றுவித்தார். குறை முதலில், கருவி பின்னர் என்ற வரிசை அங்கே நிலைநாட்டப்பட்டது. பெருவின் தொடக்கத்துக்கும் உருகுவேயின் இந்த இரண்டாம் கட்டத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த வரிசைதான்.

பள்ளி எங்கே?

அறிக்கையின் இரண்டாம் குறை இன்னும் அடிப்படையானது. அது பேசுவது அரசுகளிடம். கொள்கை வகுப்போர், தேசியத் தரநிலைகள், சட்டங்கள் என்ற உயரத்திலேயே அதன் பார்வை சுழல்கிறது. விற்பனையாளர் மேசைக்கு எதிரே அமர்ந்திருக்கும் தலைமையாசிரியருக்கு அந்த நான்கு வினாக்களும் கைக்கெட்டும் வடிவில் வந்து சேரவில்லை. முடிவுகள் எடுக்கப்படுவதோ பெரும்பாலும் அந்த மேசையில்தான்.

மேலே இருப்பவர் அறிந்திருந்தால் கீழே எல்லாம் நலமாய் முடியும் என்பதற்கும் உறுதியில்லை. அமெரிக்காவின் இரண்டாவது பெரிய பள்ளி மாவட்டமாகிய லாஸ் ஏஞ்சலிஸ், 2013-இல் தன் மாணவர் அனைவருக்கும் ஐபேட் வழங்க முடிவு செய்தது. கருவிகள், இணைய வசதி எல்லாம் சேர்த்துத் திட்டத்தின் மொத்தச் செலவு 130 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது. அக்கருவிகளில் இடம்பெறவிருந்த பியர்சன் பாடத்திட்டம் ஒப்பந்தம் முடிவானபோது முழுமை பெற்றிருக்கவில்லை. கருவிகள் கைக்கு வந்த சில நாட்களிலேயே மாணவர் பலர் அதன் பாதுகாப்புத் தடைகளைக் கடந்து விரும்பிய தளங்களுக்குச் சென்றனர். 2014 ஆகஸ்டில் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது.

பத்தாண்டுகள் கழித்து, 2024 மார்ச்சில், அதே மாவட்டம் செயற்கை நுண்ணறிவால் இயங்கும் உரையாடு மென்பொருள் ஒன்றை மாணவரின் தனித்துணை என்று பெருமையோடு அறிமுகம் செய்தது. 60 இலட்சம் டாலர் வரையிலான ஒப்பந்தத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் வழங்கப்பட்டிருந்தது. மூன்றே மாதங்களில், அதனை உருவாக்கிய நிறுவனம் தன் பணியாளரில் பெரும்பாலோரை நீக்கி நிலைகுலைந்தது, மென்பொருளும் ஓய்ந்தது. வல்லுநரும் வழக்கறிஞரும் நிறைந்த ஒரு மாநகரப் பள்ளி மாவட்டமே இரு முறை இடறியது என்றால், ஓர் எழுத்தரும் ஒரு தாளாளரும் மட்டுமே உள்ள பள்ளி எவ்வளவு விழிப்பாய் இருத்தல் வேண்டும்!

நம் நாட்டு வாசகர்க்கும் இது புதிதன்று. 2022-இல் 2,200 கோடி டாலர் மதிப்புள்ளதாகப் பேசப்பட்ட பைஜூஸ் நிறுவனத்தின்மேல் 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கப்பட்டது. நிலைப்பு என்னும் நான்காம் வினா ஏட்டளவில் நிற்பதன்று. விற்ற நிறுவனம் மறைந்துவிட்டால் பழுது பார்ப்பவர் யார், பிள்ளைகளின் பதிவேடுகள் எவர் கையில், செலுத்திய தொகை எங்கே என்பதெல்லாம் அதனுள் அடங்கும்.

சான்றுக்குக் காத்திருக்கலாமா?

சான்று கேளுங்கள் என்கிறது அறிக்கை. அதே அறிக்கை, கல்வித் தொழில்நுட்பப் பொருள்கள் சராசரியாக 36 மாதங்களுக்கு ஒருமுறை மாறிவிடுகின்றன என்றும், உள்ள சான்றுகளில் பெரும்பாலானவை செல்வ நாடுகளிலிருந்து வருகின்றன என்றும் கூறுகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும் தலைமையாசிரியர் என்ன செய்வார்? ஆய்வு முடியுமுன் பொருள் மாறிவிடும். முடிந்த ஆய்வும் வேறு நாட்டுப் பிள்ளைகளைப் பற்றியது. நோயைச் சரியாகக் கணித்துவிட்டு மருந்தைச் சொல்லாமல் எழுந்துவிடுகிறது அறிக்கை.

இவ்விடத்தில் நமக்கு வழிகாட்டுவது தில்லியில் 2015-இல் நடந்த ஓர் ஆய்வு. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கானிமியன் ஆகிய பொருளியல் அறிஞர் மூவரின் இந்த ஆய்வு 2019-இல் அமெரிக்கப் பொருளியல் இதழொன்றில் வெளியானது. எளிய குடும்பங்களைச் சேர்ந்த 619 மாணவரில் குலுக்கலில் தேர்ந்தோர், பள்ளி நேரத்துக்குப் பின் மைண்ட்ஸ்பார்க் என்னும் மென்பொருள் மையங்களுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே 45 நிமிடம் கணினியில் பயிற்சி. 45 நிமிடம் சிறு குழுவாக அமர்ந்து உதவி ஆசிரியரிடம் பயிற்சி. அம்மென்பொருள் பிள்ளையின் வகுப்பு எண்ணைப் பார்த்துப் பாடம் தரவில்லை. அவன் உண்மையில் எந்தப் படியில் நிற்கிறான் என்பதைக் கண்டறிந்து அங்கிருந்து தொடங்கியது. ஆறாம் வகுப்பு மாணவர் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தனர் என்பதே அது கண்ட முதல் உண்மை.

நான்கரை மாதங்களில், குலுக்கலில் தேர்ந்தோர் மற்றோரைவிடக் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்க அளவு முன்னேறினர். கல்வி ஆய்வுகளில் இவை பெரிய அளவுகளே. ஆனால் இந்த எண்களைவிட நம் சிந்தனைக்கு உரியவை வேறிரண்டு. முதலாவது, மையத்துக்குச் செல்லாமல் பள்ளிக்கு மட்டும் சென்ற பின்தங்கிய மாணவர் அக்காலத்தில் கற்றது ஏறக்குறைய ஒன்றுமில்லை. வகுப்பில் நாள்தோறும் அமர்ந்திருந்தும், பாடம் அவர்கள் தலைக்கு மேலே சென்றுகொண்டிருந்தது. ஆகவே கருவியின் பயனை ஒப்பீட்டளவில் மிகுதியாகப் பெற்றவர்கள் அவர்களே. இரண்டாவது, கணக்கில் கண்ட இந்த முன்னேற்றம் பள்ளித் தேர்வில் தெளிவாக வெளிப்படவில்லை. ஆறாம் வகுப்பு வினாத்தாள், மூன்றாம் வகுப்புக் கணக்கிலிருந்து ஐந்தாம் வகுப்புக் கணக்குக்கு ஏறிவந்த பிள்ளையின் உழைப்பை அளக்கத் தெரியாதது.

இவ்விரு செய்திகளும் சேர்ந்து, அறிக்கை தராத அளவுகோலை நமக்குத் தருகின்றன. வகுப்பின் சராசரி மதிப்பெண் பள்ளிக்கு உரைகல் ஆகாது. முதல் வரிசை மாணவனுக்கு எந்தக் கருவியைக் கொடுத்தாலும் அவன் கற்றுக்கொள்வான், கொடுக்காவிட்டாலும் கற்றுக்கொள்வான். அவனை வைத்துக் கருவியைப் போற்றுவது, நன்கு நீந்தத் தெரிந்தவனைக் கொண்டு படகின் பாதுகாப்பைச் சோதிப்பது போன்றது. கடைசி வரிசையில் வாய்திறவாமல் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு இக்கருவி என்ன செய்தது என்பதே உரைகல். பொருத்தம், சமத்துவம், விரிவு, நிலைப்பு என்ற நான்கையும் அந்தப் பிள்ளையின் இருக்கையிலிருந்து கேட்டால், அவை அரசுகளுக்கு மட்டும் உரிய வினாக்களாய் இரா. எந்தச் சிற்றூர்ப் பள்ளியும் கேட்கக்கூடிய வினாக்களாகிவிடும்.

வீட்டுப்பாடச் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி உள்ளது. அதுவும் தந்தையோடு காலையில் வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு அச்செயலி வீட்டுப்பாடம் செய்யாதவன் என்ற பெயரையே ஈட்டித்தரும். சராசரிக் கணக்கில் இந்தப் பிள்ளை தெரியமாட்டான். கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் அவனே முதலில் தெரிவான்.

எதனோடு ஒப்பிடுவது?

அறிக்கையில் போதிய அழுத்தம் பெறாத இன்னொரு செய்தியும் உண்டு. கருவி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று ஒப்பிடுவது ஆய்வாளரின் வேலை. அதே பணத்தால் வேறு என்ன செய்திருக்கலாம் என்று ஒப்பிடுவதே பள்ளியின் வேலை.

நம் மாநிலமே இதற்குச் சான்று. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததன் விளைவை அறிய, தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை ஆய்வாளர் தொடர்ந்து சோதித்தனர். 2021 டிசம்பரில் பிள்ளைகள் பெரிதும் பின்தங்கியிருந்தனர். பள்ளிகள் திறந்தபின் ஆறு மாதங்களில் அந்த இழப்பில் மூன்றில் இரு பங்கு ஈடுசெய்யப்பட்டது. அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காடு, 2021-இல் தொடங்கப்பெற்ற இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் விளைந்தது என்று ஆய்வாளர் மதிப்பிட்டனர். மாலை வேளையில் ஊர்த் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் தன்னார்வலர் பிள்ளைகளை அமர்த்திக் கற்பித்த திட்டம் அது. இழப்பு ஏழைப் பிள்ளைகளை மிகுதியாகத் தாக்கியிருந்தது. மீட்சியோ அவர்களையே மிகுதியாகச் சென்றடைந்தது. திட்டத்தை நாடி வந்தவர்களில் அவர்களே மிகுந்திருந்தமை இதற்கு ஒரு காரணம்.

ஆகவே, திரைகளுக்குப் பல இலட்சம் ஒதுக்குமுன், அதே தொகையில் ஊரிலுள்ள படித்த இளம்பெண்கள் இருவரை மாலை வகுப்புக்கு அமர்த்தினால் கடைசி வரிசைக்கு என்ன நிகழும் என்று கேட்டே தீர வேண்டும். கேட்டபின் கருவியே மேல் என்று முடிவு செய்தால் அதில் தவறில்லை. கேளாமல் முடிவு செய்வதே தவறு.

பிள்ளைகளின் விவரம் யாருக்கு?

அறிக்கை நன்கு எச்சரித்துள்ள ஒரு பொருளை நம் பள்ளிகள் இன்னும் பொருட்படுத்தவில்லை. பெருந்தொற்றின்போது பரிந்துரைக்கப்பட்ட 163 கல்விப் பொருள்களில் 89 விழுக்காடு, சிறுவரைக் கண்காணிக்க வல்லவையாக இருந்தன. கல்வித் துறையில் தரவின் அந்தரங்கத்தைச் சட்டத்தால் உறுதிசெய்த நாடுகள் 16 விழுக்காடு மட்டுமே. இந்தியாவில் 2023-இல் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறைவுறாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும் என்கிறது. கல்வி நிலையங்களுக்குச் சில விலக்குகள் உண்டெனினும், செயலியை விற்கும் நிறுவனம் எதைச் சேகரிக்கிறது, எவருக்குத் தருகிறது, ஒப்பந்தம் முடிந்தபின் அழிக்குமா என்று எழுத்தில் கேட்கும் கடமை பள்ளியை விட்டு நீங்காது. ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணை ஊரார்முன் படித்துக்காட்டத் தயங்கும் நாம், அவனது ஒவ்வொரு பிழையையும் முகமறியா நிறுவனத்திடம் ஒப்படைக்கத் தயங்காதிருப்பது முறையாகுமா?

பள்ளிக் குழுவின் மேசைக்கு

அறிக்கை விட்டுச்சென்ற இடத்தை நிரப்புவது இனி நம் பொறுப்பு. பெரிய ஆய்வு வேண்டியதில்லை. ஒரு பருவகாலமும் ஒரு வகுப்பும் போதும்.

முதலில், தீர்க்க விரும்பும் குறையை ஒரே வாக்கியத்தில் எழுதுக. நான்காம் வகுப்பில் பதினொரு பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வரவில்லை என்பது குறை. நவீன வசதிகள் இல்லை என்பது குறையன்று. பின்னர், ஒரே வகுப்பின் இரு பிரிவுகளில் ஒன்றுக்கு மட்டும் கருவியை வாடகைக்கோ இலவசச் சோதனைக்கோ பெறுக. தொடங்குமுன் இரு பிரிவுப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராக அழைத்து ஒரு பத்தியை வாசிக்கச் செய்து, நான்கு கணக்குகளைப் போடச் செய்து குறித்துக்கொள்க. பருவ இறுதியில் அதையே மீண்டும் செய்க. விற்பவரின் வரைபடங்களை ஓரமாக வைத்துவிட்டு, இரு பிரிவுகளிலும் கடைசி பத்துப் பேரின் பெயர்களை மட்டும் எதிரெதிரே எழுதிப் பார்க்க. ஓரிரு வகுப்புகளைக் கொண்டு உலகுக்கு உண்மை உரைக்க இயலாதுதான். ஆயினும் விற்பவரின் வாய்ச்சொல்லைவிட இது நம் பிள்ளைகளைப் பற்றிய நல்ல சான்று.

அதனோடு ஐந்தாண்டுச் செலவை முழுமையாகக் கணக்கிடுக. வாங்கும் விலை மட்டுமன்று. ஆண்டு உரிமக் கட்டணம், இணையம், மின்கல மாற்று, பழுது, ஆசிரியர் பயிற்சி எல்லாம் சேர வேண்டும். மின்சாரம் நின்றால் பாடம் நிற்குமா, பாடப்பொருள் நம் பாடத்திட்டத்தை ஒட்டிய நல்ல தமிழில் உள்ளதா, ஆசிரியரின் வேலை குறைகிறதா அல்லது பதிவேடு நிரப்பும் சுமை கூடுகிறதா என்று கருவியை நாள்தோறும் கையாளப்போகும் ஆசிரியரிடமே கேட்க வேண்டும். அவர் வாய் திறக்குமுன் ஒப்பந்தத்தில் கையொப்பம் இடலாகாது.

இவற்றைத் தாளாளரும் தலைமையாசிரியரும் மட்டும் செய்ய இயலாது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் அமரும் பொதுநிலையினர் கூச்சமின்றி எழுந்து வினவ வேண்டும். கணினி பற்றி எமக்கு என்ன தெரியும் என்று ஒதுங்குவது தாழ்மையாகாது. இங்கே தேவைப்படுவது கணினி அறிவு அன்று. தன் பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா என்பதைக் கண்டறியும் அக்கறையே. அது எழுதப் படிக்கத் தெரியாத தாயிடமும் உண்டு.

மொத்தத்தில், யுனெஸ்கோவின் இந்த அறிக்கை சரியான வினாவைச் சரியான காலத்தில் எழுப்பிய நூல். விற்பவரின் சான்றை ஐயுறக் கற்பித்த நூல். அரசுகளை நோக்கியே பேசியதாலும், பெருவைப் போன்ற பெரும் பாடங்களைக் கடந்து விரைந்ததாலும், சான்று கேட்கச் சொல்லிவிட்டு அதைத் தேடும் வழியைச் சொல்லாததாலும் அது பாதி வழியில் நிற்கிறது. மீதி வழியைக் கடக்க வேண்டியவர்கள் பள்ளி நடத்துவோரும் பெற்றோருமே. அடுத்த கல்வியாண்டுக்கான கொள்முதல் பட்டியல் குழுவின்முன் வரும்போது, அதிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் எதிரே அதனால் பயன்பெறவிருக்கும் கடைசி வரிசைப் பிள்ளைகளின் பெயர்களை எழுதச் சொல்லுங்கள். பெயர் எழுத முடியாத கருவியை அந்த ஆண்டு வாங்க வேண்டியதில்லை.